தன் கையில் தன் வாழ்வு: சேலம் கண்ட இராஜாஜி

சேலம் நகரிலிருந்து அம்மாப்பேட்டையைக் கடந்து கிழக்கே ஆத்தூர்ச் சாலையில் செல்வோர் எதிர்ப்படக் காணும் ஊர் அயோத்தியாப்பட்டணம். கோதண்டராமர் கோயிலால் பெயர் பெற்ற அவ்வூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் உழவும் நெசவும் வாழ வைத்து வந்துள்ளன. இவ்வட்டாரத்து மக்களின் வாழ்வில் 1937ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் முதல் நாள் மறக்கத் தகாத நாள். அது ஒரு வெள்ளிக்கிழமை. அன்று முதல் சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைக்கும் சாராயக்கடைக்கும் சட்டத்தில் இடமில்லாது போயிற்று. மறு ஆண்டு சென்னை மாகாணச் சட்டமன்றம் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியபோது, நிலுவை வட்டியைக் கணக்கிடுவதற்கு அது குறித்த நாளும் இதே 1937 அக்டோபர் முதல் நாளே.

ஒரே நாள் இரண்டு சட்டங்களிலும் இடம் பெற்றது தற்செயலோ, அன்றோ. நாம் அறியவேண்டுவது அவ்விரண்டும் ஒரே மனிதரின் உள்ளத்தில் விளைந்தவை என்பதே. அவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். நாடு அவரை இராஜாஜி என்றது. தமிழகம் மூதறிஞர் என்றது. சேலத்தார்க்கோ அவர் முதலில் ஒரு வழக்கறிஞர்.

ஓர் ஆட்சி மாறும்போது கொடியும் முத்திரையும் மாறுவதை எவரும் காண்பர். எளிய மனிதன் ஒருவன் தன் வாழ்வு தன் கையில் இருக்கிறது என்றோ, தன் கையை விட்டுப் போய்விட்டது என்றோ உள்ளூர உணர்கின்றானே, அந்த உணர்வு எவ்வாறு மாறுகின்றது என்பதை எளிதிற் காண இயலாது. அதனைக் காண விழைவார்க்கு இராஜாஜியின் வாழ்வைப் போல் துணை செய்யும் வாழ்வு தமிழகத்தில் வேறு இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அவர் அவ்வுணர்வை மக்களுக்கு மீட்டுத் தந்ததும் உண்டு. அவர்களிடமிருந்து பறித்ததும் உண்டு. இரண்டையும் மறையாது கூறுவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

அவர் பிறந்தது 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள், ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில். இன்று அவ்வூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அன்று பழைய சேலம் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்தது. ஓசூரிலும் பெங்களூரிலும் கற்று, சென்னையில் சட்டம் பயின்று, 1900ஆம் ஆண்டளவில் சேலத்தில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். தொழில் ஓங்கிற்று; பொருள் சேர்ந்தது. நடு வயதை எட்டுமுன்பே மனைவியை இழந்து, ஐந்து குழந்தைகளைத் தாமே வளர்க்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக விளங்கினார். ஒடுக்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவர் முதன்முதலாக அந்நகராட்சியில் உறுப்பினராக அமர்ந்தது அவர் முயற்சியாலேயே. இராஜத் துரோக வழக்கில் சிக்கிய டாக்டர் வரதராஜுலு நாயுடுவுக்காக வாதாடியதும் இக்காலத்தில்தான். பின்பு காந்தியடிகளைப் பின்பற்றித் தொழிலைத் துறந்தார். 1921 டிசம்பரில் வேலூர்ச் சிறை புகுந்தார். இவையெல்லாம் பாடநூல்களில் உள்ளவை. ஆதலின் விரித்தல் வேண்டா.

நாம் நின்று நோக்கவேண்டிய இடம் புதுப்பாளையம். திருச்செங்கோட்டுக்கு அண்மையில், இன்றைய நாமக்கல் மாவட்டத்தில் உள்ள அச்சிற்றூரில் 1925ஆம் ஆண்டு அவர் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். பெரு வருவாய் ஈட்டிய வழக்கறிஞர் அங்கே குடிசையில் வாழ்ந்தார். வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் வேலையில்லை, வேலையில்லையேல் கூலியில்லை. ஆசிரமம் பெண்களுக்குப் பஞ்சு தந்தது, நூலைப் பெற்றுக்கொண்டு காசு தந்தது. தொகை சிறிதுதான். ஆயினும் மழையையும் பண்ணையாரையும் எதிர்பாராமல் தன் விரலால் தானே ஈட்டிய காசு அது. ஒரு பெண்ணின் மடியில் அவ்வாறு சேரும் நாலணா அவளுடைய நிமிர்வை எந்த அளவுக்கு மாற்றும் என்பதைக் கிராமத்தில் பிறந்தோர் அறிவர்.

ஆனால் அந்த நாலணா வீட்டில் தங்கவில்லை. வாரக் கூலி வாங்கும் நாளில் கணவன் கள்ளுக்கடை வழியே வீடு திரும்பினான். இராஜாஜி இதனைக் கண்கூடாகக் கண்டார். குடியை விடுமாறு ஊர் ஊராகச் சென்று வேண்டினார். 1929இல் மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே ஓர் இதழைத் தொடங்கினார். அவருக்குத் துணையாசிரியராக ஆசிரமத்தில் இருந்து அவ்விதழை உருவாக்கியவர் பிற்காலத்தில் புகழ்பெற்ற கல்கி. இதழின் பெயர் விமோசனம். பெயரிலேயே அவருடைய கொள்கை அடங்கியிருந்தது. குடியை அவர் பாவம் என்று மட்டும் பார்க்கவில்லை. அடிமைத்தளை என்று பார்த்தார். குடிப்பவன் தன் விருப்பப்படி குடிக்கிறான் என்பது பிறர் கூற்று. அவன் விருப்பத்தையே அது விழுங்கிவிட்டது என்பது அவர் கருத்து.

இங்கே ஓர் உண்மையை அவர் கற்றார் என்று நாம் கருதுகிறோம். மனிதன் உறுதி பூணுகிறான். உறுதியோடு வயலுக்குச் செல்கிறான். மாலையில் திரும்பும் பாதையில் கடை நிற்கிறது. அக்கடையோ அரசாங்கமே ஏலம் விட்டு நடத்தச் செய்யும் கடை. மாகாண அரசின் வருவாயில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மதுவிலிருந்தே வந்தது. ஒருபுறம் கூலிக்காரன் ஒருவனின் மன உறுதி. மறுபுறம் ஒரு பேரரசின் கருவூலம். இப்போட்டியில் எவர் வெல்வார் என்று கேட்கவும் வேண்டுமோ?

1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்குத் தன்னாட்சி தந்தது. 1937 தேர்தலில் காங்கிரசு வென்றது. ஜூலை 14ஆம் நாள் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார். மாகாண முதல்வரை அந்நாளில் பிரதமர் என்றே வழங்கினர். அவர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறையை ஏற்றிருந்தவர் யாகூப் ஹசன் சேட். பதவியேற்று மூன்று திங்கள் முடியுமுன்பே சேலத்தில் மதுவிலக்கு வந்துவிட்டது. மாகாணம் முழுவதற்கும் ஒரே நாளில் ஆணையிட அவர் துணியவில்லை. தாம் அறிந்த மண்ணில், தாம் உழைத்த மக்களிடையே முதலில் சோதித்துப் பார்த்தார். பின்னர்ச் சித்தூர், கடப்பை, வட ஆற்காடு மாவட்டங்களுக்கு அது விரிந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி புகுத்தப்பட்டது. இன்று நாம் கடையில் வாங்கும் ஒவ்வொரு பொருளின் மீதும் செலுத்தும் வரியின் மூதாதை அதுவே என்று சொன்னால் மாணவர்கள் வியப்பர்.

குடிப்பவனின் கையைச் சட்டம் கட்டியது; அதனால் அவன் மனைவியின் கை அவிழ்ந்தது. கட்டுப்பாடு ஒன்றே, அது ஒருவருக்குத் தளையாகவும் மற்றொருவருக்கு விடுதலையாகவும் அமைந்தது. மதுவிலக்கு தனிமனித உரிமையில் தலையிடுவது என்று அக்காலத்தே வாதிட்டோர் உண்டு. அவ்வாதத்தை நாம் இகழவில்லை. ஆயினும், அயோத்தியாப்பட்டணத்து வயலில் நாற்று நட்டுக் கூலி பெற்ற ஒரு பெண் அந்த அக்டோபர் மாதத்தில் தன் அடுப்பை நோக்கி என்ன எண்ணியிருப்பாள் என்பதையும் அவ்வாதத்தோடு சேர்த்து நிறுக்க வேண்டும் அல்லவா? அதே தராசில் மரமேறிகளின் துயரையும் வைத்தாக வேண்டும். பரம்பரையாகக் கள்ளிறக்கி வாழ்ந்த குடும்பங்கள் ஒரே நாளில் தொழில் இழந்தன. பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்ச வழி செய்யப்பட்டது என்றாலும், பிழைப்பை மாற்று என்று பிறர் ஆணையிட்டபோது அவர்கள் பெற்றது விமோசனமாக அவர்களுக்குத் தோன்றியிராது.

கடன் நிவாரணச் சட்டத்தின் கதை இதனினும் தெளிவானது. 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விளைபொருள்களின் விலை சரிந்தது. கடன் சரியவில்லை, வட்டி ஏறிக்கொண்டே சென்றது. உழவன் எவ்வளவு உழைத்தாலும் அவ்வுழைப்புக்கும் அவன் நிலைக்கும் தொடர்பு அற்றுப் போயிற்று. இந்நிலையில் 1938ஆம் ஆண்டுச் சட்டம், 1932 அக்டோபருக்கு முன் பட்ட கடன்களில் 1937 அக்டோபர் முதல் நாள் வரை நிலுவையாக நின்ற வட்டி முழுவதையும் தள்ளுபடி செய்தது. வட்டியும் முதலுமாக அதுவரை செலுத்திய தொகை முதலைப்போல் இருமடங்கை எட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. 1932க்குப் பின் பட்ட கடன்களுக்கு நூற்றுக்கு ஐந்து என்று வட்டி மட்டுப்படுத்தப்பட்டது. கடன் கொடுத்தோர் சினந்தனர். நம்பிக் கொடுத்த சிறு முதலீட்டாளர்களும் இழந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் உழவனுக்கோ, கணக்குக்கு ஒரு முடிவு உண்டு என்பது அன்றுதான் தெரிந்தது. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் விலக்கப்பட்ட நெறியில் வாழும் நம் சமுதாயத்தார்க்கு இதன் பொருளை விளக்க வேண்டுவதில்லை.

அமெரிக்க உளவியலறிஞர் ஜூலியன் ராட்டர் 1966இல் ஒரு கருத்தை வெளியிட்டார். தமக்கு நேர்வன தம் செயலால் நேர்வன என்று நம்புவோர் ஒரு வகையினர். ஊழாலோ பிறர் வலிமையாலோ நேர்வன என்று நம்புவோர் மற்றொரு வகையினர் என்று அவர் பகுத்தார். உளநூல் மாணவர்கள் இதனை இன்றும் பயில்கின்றனர். 1937ஆம் ஆண்டுச் சேலத்து உழவனிடம் சென்று இவ்வினாவைக் கேட்க எவருமில்லை. கேட்டிருந்தால், எல்லாம் தலையெழுத்து என்று அவன் சொல்லியிருக்கக் கூடும். அந்தத் தலையெழுத்தில் ஒரு பகுதி ஏலக்கடையின் பலகையிலும் வட்டிக்காரரின் கணக்கேட்டிலும் எழுதப்பட்டிருந்தது என்பதும், அதனைச் சட்டமன்றத்தால் அழிக்க முடிந்தது என்பதும் வரலாறு.

இவ்வாறு மக்கள் உள்ளத்தை நன்கறிந்த அவரே அடுத்த ஆண்டு அதனை அறியாதவர்போல் நடந்துகொண்டார். 1938இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கினார். தமிழகம் கொதித்தெழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். நடராசனும் தாளமுத்துவும் 1939இல் சிறைவாசத்தின்போதே உயிர் நீத்தனர். முஸ்லிம்கள் இப்போராட்டத்தில் ஒதுங்கி நிற்கவில்லை. திருச்சியைச் சேர்ந்த கலிபுல்லா சாகிப் தாம் ஓர் இராவுத்தர் என்பதையும், தம் தாய்மொழி உருது அன்று, தமிழே என்பதையும் சட்டமன்றத்திலேயே எடுத்துரைத்தார். மதுவிலக்கும் கட்டாயம், இந்தியும் கட்டாயம். முன்னதை ஏற்ற மக்கள் பின்னதை ஏன் மறுத்தனர்? குடிசைக்குள் இழந்ததை முன்னது திருப்பித் தந்தது. தாயின் மடியில் பெற்றதற்குப் பின்னது போட்டியாக வந்தது. இவ்வேறுபாட்டை அவர் காணத் தவறினார். 1939 அக்டோபரில் போரை முன்னிட்டு அமைச்சரவை விலகியது. 1940 பிப்ரவரியில் ஆளுநர் கட்டாய இந்தியை நீக்கினார். போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கையும் நிறுத்தி வைத்தது. வேண்டாதது போனதில் மகிழ்ந்த மக்கள் வேண்டியதும் போவதைக் கண்டனர். மீண்டும் காங்கிரசு ஆட்சி வந்து, ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் காலத்தில், 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்குக்கு உட்பட்டது.

இடைப்பட்ட காலத்தில் அவர் ஏறிய படிகள் பல: மேற்கு வங்க ஆளுநர், நாட்டின் முதல் இந்தியத் தலைமை ஆளுநர், நடுவண் உள்துறை அமைச்சர். அவை யாவும் தில்லியின் கதை. நம் கதைக்கு அவர் 1952 ஏப்ரலில் திரும்பி வந்தார், சென்னையின் முதலமைச்சராக. தேர்தலில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிட்டவில்லை. இராஜாஜியோ தேர்தலிலேயே நிற்கவில்லை. ஆளுநர் அவரை மேலவைக்கு நியமித்து ஆட்சி அமைக்க அழைத்தார். மக்களுடைய தன்னுரிமையைப் பற்றி அவ்வளவு பேசியவர் மக்களின் வாக்கைப் பெறாமல் முதலமைச்சரானது அன்றே குறை கூறப்பட்டது. இன்றும் அக்குறை குறையே.

ஆயினும் அவ்வாண்டு ஜூன் மாதம் அவர் செய்த செயலைப் போற்றாமலிருக்க இயலாது. போர்க்காலம் முதலாக அரிசிக்குப் பங்கீடு இருந்தது. எத்தனை அவுன்சு உண்பது என்பதை அட்டை முடிவு செய்தது. விளைத்தவன் தன் நெல்லை விரும்பிய இடத்திற்குக் கொண்டு செல்ல இயலாது. எல்லையில் காவல் நின்றது. திருமண வீட்டார் விருந்துக்கு அரிசி தேடி அலுவலகப் படியேறினர். பஞ்சம் வரும் என்று அலுவலர்கள் அஞ்சினர். இராஜாஜி கட்டுப்பாட்டை ஒரே அடியாக நீக்கினார். பதுங்கியிருந்த நெல் சந்தைக்கு வந்தது. அஞ்சிய பஞ்சம் வரவில்லை. நடுவண் உணவு அமைச்சராக அப்போது இருந்த ரஃபி அகமது கித்வாய் இம்முயற்சிக்கு ஆதரவாக நின்றார் என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டே வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று அவர் தில்லியோடு வாதாடினார். அம்மாப்பேட்டைத் தறிக்காரர்கள் அவ்வாதத்தின் அருமையை அறிவர்.

கட்டு அவிழ்த்த கையே மறு ஆண்டு மற்றொரு கட்டைப் போட்டது. 1953இல் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி சிற்றூர்ப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளியில் பயில்வர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகுவர். பள்ளிகள் இரு வேளையாக இயங்கினால் கூடுதல் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அவர் கணக்கு. பெற்றோர் வேறு கணக்குப் போட்டனர். தறியில் பிறந்தவன் தறிக்கே, செருப்புத் தைப்பவன் மகன் அதற்கே என்றால், பள்ளிக்கூடம் எதற்கு? குலக்கல்வித் திட்டம் என்ற பெயரை அதற்குச் சூட்டிப் பெரியாரும் தி.மு.கழகத்தாரும் போராடினர், காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் மே மாதமே அத்திட்டத்தைக் கைவிட்டார். கடனும் குடியும் ஒரு தலைமுறையைக் கட்டின. கல்வி மறுப்பு அடுத்த தலைமுறையைக் கட்டும். முன்னதை அவ்வளவு கூர்மையாகக் கண்ட கண் பின்னதைக் காணாமற்போனது எவ்வாறு என்ற வினாவுக்கு, அவர் வாழ்க்கையைப் பலமுறை படித்தும் நமக்கு மனநிறைவான விடை கிடைத்ததில்லை. ஓய்வில் அமர்ந்து அவர் எழுதிய சக்கரவர்த்தித் திருமகன் 1958இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது.

எண்பது வயதில் பலர் சாய்வு நாற்காலியைத் தேடுவர். அவர் ஒரு கட்சியைத் தேடினார். காங்கிரசின் நாகபுரி மாநாடு கூட்டுறவுப் பண்ணை முறையை ஏற்றதை எதிர்த்து 1959இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உரிமமும் அனுமதிச் சீட்டும் இன்றி எவரும் எதையும் செய்ய இயலாத நிலையைக் கண்டித்து ஓயாமல் எழுதினார். 1967 தேர்தலில் அக்கட்சி மக்களவையில் 44 இடங்களை வென்றது. தமிழகத்தில் அறிஞர் அண்ணாவோடும் காயிதே மில்லத் முகம்மது இஸ்மாயில் சாகிபோடும் அவர் ஓரணியில் நின்றார். 1938இல் இந்தியைத் திணித்தவர் அதற்குள் இந்தி ஆட்சிமொழியாவதை எதிர்க்கும் குரல்களில் முதன்மையானவராகியிருந்தார். தம் பிழையைத் தாமே திருத்திக்கொண்டார் என்பார் சிலர்; அரசியல் என்பார் சிலர். நம் கருத்தில் இரண்டும் கலந்தே இருந்தன.

1971 ஜூலை மாதம். மாநில அரசு நிதி நெருக்கடியில் இருந்தது. புதிதாக மதுவிலக்கை மேற்கொள்ளும் மாநிலங்களுக்கே உதவி, முன்பே மேற்கொண்ட தமிழகத்துக்கு இல்லை என்று நடுவண் அரசு கைவிரித்த நேரம். மதுவிலக்கைத் தள்ளி வைக்க ஆட்சியாளர் எண்ணினர். தொண்ணூற்றிரண்டு வயது முதியவர் கொட்டும் மழையில் புறப்பட்டு, முதலமைச்சர் கலைஞர் கருணாநிதியின் கோபாலபுரம் இல்லத்திற்குச் சென்றார். வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதல்வர் மதிப்போடு வரவேற்றார். வேண்டுகோளை ஏற்கும் நிலையில் அவர் இல்லை. ஆகஸ்டு 30ஆம் நாள் கடைகள் திறந்தன. திறந்தவற்றுள் சேலம் மாவட்டத்துக் கடைகளும் இருந்தன.

1972ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி சென்னையில் காலமானார். அடுத்த இரண்டு ஆண்டுகளில், 1973இலும் 1974இலும், அதே அரசு அக்கடைகளைப் படிப்படியாக மூடியது. 1981இல் வேறோர் அரசு அவற்றை மீண்டும் திறந்தது.